எழுதிக் கொடுப்பதா, சும்மா இருப்பதா?

வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்துப் படிக்கிற கதைப் புத்தகம் செய்வது என் தொழில். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதானால் 14ஆம் பக்கம், அம்மாவைக் கூப்பிடுவதானால் 31ஆம் பக்கம் என்று ஒவ்வொரு துண்டின் அடியிலும் போட்டிருக்கும். எங்கள் புதுச்சேரிப் பிள்ளைகள் இதைத் 'தாவுற புக்கு' என்பார்கள். இதை வைத்து முழுக் குடும்பம் நடத்த முடியாது. மீதி வருமானத்துக்குப் பள்ளிப் புத்தகங்களுக்கு புரூஃப் பார்க்கிறேன். பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரங்களைத் தமிழாக்கித் தருகிறேன். சொத்துத் தகராறு இருக்கும்வரை இந்த ஊரில் அந்த இரண்டாவது வேலைக்குக் குறைவு வராது.

தாவுற புக்குக்கு முதல் செலவு ஒரு சார்ட் பேப்பர். அதில் வட்டங்கள் போட்டுக் கோடு இழுத்துக் கதையின் கிளைகளை வரைவேன். வரைய ஆரம்பித்ததும் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். முதல் சந்திப்பில் இரண்டு வழி, அடுத்ததில் நான்கு. இப்படிப் பத்து முறை தேர்ந்தெடுக்க விட்டால் 1024 முடிவுகள். நடுவில் இருக்கும் துண்டுகளையும் சேர்த்தால் 2047. வாசகர் ஒரு தடவைக்குப் படிப்பதோ பதினொரு துண்டு. மீதியை யாருக்காக எழுதுவது? அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். சிறுவர் புத்தகம் என்றால் நான்கு ஃபாரம், 64 பக்கம். அதற்கு மேல் போனால் விலை ஏறும். விலை ஏறினால் பெற்றோர் புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே பிரிந்த கிளைகளை அங்கங்கே மறுபடி சேர்த்தாக வேண்டும். பிரிப்பது யாருக்கும் வரும். சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு கதையில் வாசகர் பெரிய மார்க்கெட் வழியாகவும் வரலாம், கடற்கரைச் சாலை வழியாகவும் வரலாம். இரண்டு வழியும் பாட்டி வீட்டுத் திண்ணையில் சேர்கின்றன. மார்க்கெட் வழியாக வந்தவர் கையில் மீன் பை இருக்கிறது. கடற்கரை வழியாக வந்தவர் கையில் நனைந்த செருப்பு. திண்ணைத் துண்டு புத்தகத்தில் ஒன்றுதான். இருவருக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும். 'கையில் இருந்ததைக் கீழே வைத்ததும் பாட்டி மூக்கைச் சுளித்தாள்' என்று எழுதினேன். மீனும் நாறும், ஊறிய செருப்பும் நாறும். இப்படி ஒரு வாக்கியம் அமைந்த நாளில் நான் வீட்டில் யாருடனும் சண்டை போடுவதில்லை.

அடுத்தது எண் போடுவது. துண்டுகளைத் தனித்தனி அட்டையில் எழுதி, சீட்டுக்கட்டைக் கலைப்பதைப் போலக் கலைத்துத்தான் பக்க எண் கொடுக்க வேண்டும். 12ஆம் பக்கத்துக் கேள்வியின் விளைவு 13இல் இருந்தால் பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். கேள்வி வலப்பக்கத்தின் அடியில் வருவது நல்லது. தாளைப் புரட்டினால்தான் விளைவு தெரியும். இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளைகள் சந்திப்புப் பக்கத்தில் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சில ஆசிரியர்கள் அதைக் 'காப்பி அடிக்கிற மாதிரி' என்று தடுப்பார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாழ்க்கையில் கிடைக்காத வசதி புத்தகத்திலாவது கிடைக்கட்டும்.

பைண்டிங்கில் ஒரு தடவை ஒரு கட்டுப் புத்தகங்களுக்கு மூன்றாவது ஃபாரத்தை இரண்டாவதுக்கு முன்னால் வைத்துத் தைத்துவிட்டார்கள். சாதாரண நாவலாக இருந்தால் மறுநாளே கடைக்குத் திரும்பியிருக்கும். இதில் ஒரு புகாரும் வரவில்லை. 48க்குப் பிறகு 17 வருவதைப் பார்த்தவர்கள் அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள்! பைண்டரிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. எனக்கும்தான், பணத்தைக் கழித்துக்கொண்ட பிறகு.

இந்தப் புத்தக வகை எனக்கு வந்தது பிரான்சிலிருந்து. ஜூலை, ஆகஸ்டு விடுமுறைக்குப் பாரிஸ் பக்கத்திலிருந்து வரும் உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியின் எடையைக் குறைக்கப் பிள்ளைகளின் புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டுப்போனவற்றில் 1980களில் கலிமார் பதிப்பகம் போட்ட 'நீங்களே கதாநாயகன்' வரிசைப் புத்தகங்கள் சில இருந்தன. பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஆங்கிலத்திலிருந்து போனவை என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் 1982இல் எழுதிய மந்திரவாதி மலைக் கதைதான் அதற்கெல்லாம் முன்னோடி. 400 துண்டுகள் கொண்டது. அதற்கும் முன்பு அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்ற வழக்கறிஞர் தன் மகள்களுக்கு இரவில் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், மேற்கொண்டு கதை ஓடாமல், "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பெண்களும் இரண்டு பதில் சொன்னார்கள். 1969இல் அவர் எழுதி முடித்த புத்தகத்தைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1976இல் ஒரு சிறு பதிப்பகம் போட்டது. 1979இல் பேண்டம் நிறுவனம் வரிசையாகப் போட ஆரம்பித்த பிறகு கோடிக்கணக்கில் விற்றது.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ. 1961இல் அவர் போட்ட கவிதைப் புத்தகத்தில் இருப்பது பத்தே பத்து 14 வரிக் கவிதைகள். ஒவ்வொரு வரியும் தனிக் கீற்றாக வெட்டியிருக்கும். எந்தக் கவிதையின் வரியையும் எந்தக் கவிதையோடும் சேர்க்கலாம். இயைபும் பொருளும் கெடாது. ஒன்றுக்குப் பின் 14 சைபர் போட்டால் வரும் எண்ணிக்கையில் கவிதைகள். இரவு பகலாகப் படித்தாலும் சுமார் 19 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டு வைத்தார். 1967இல் அவர் எழுதிய இன்னொன்று மூன்று பட்டாணிகளைப் பற்றிய கதை. 21 துண்டுகள். பட்டாணிக் கதை வேண்டாம் என்றால் வேறு கதை தருவதாகச் சொல்வார். அதுவும் வேண்டாம் என்றால் கதையே முடிந்துவிடும். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற முறையைப் பார்த்துச் செய்ததாம். விளையாட்டு விளையாட்டாகவே நிற்கிற அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்று சொன்னேனே தவிர, வாசகர் கை வைக்கிற புத்தகம் நமக்குப் புதிதில்லை. பஞ்சாங்கத்திலும் சாலையோரத்துச் சின்னப் புத்தகங்களிலும் ஆரூடச் சக்கரம் இருக்கும். கண்ணை மூடி விரலை வைத்து, விரல் பட்ட எண்ணுக்கு உரிய பலனைத் தேடிப் படிப்போம். பாய்ச்சிகை உருட்டிப் பலன் பார்க்கிற ஆரூட நூல்கள் அதைவிடப் பழையவை. பகடை, எண், அந்த எண்ணுக்கு உரிய துண்டு: லண்டன்காரர்கள் 1982இல் கொண்டுவந்த அத்தனையும் அதில் இருக்கிறது, கதை ஒன்றைத் தவிர. கதையை வாயால் சொல்கிறபோது கேட்கிறவர் 'ஊம்' கொட்டியாக வேண்டும். ஊம் நின்றால் கதையும் நிற்கும்; ஊம் இழுத்தால் சொல்கிறவர் வழியை மாற்றுவார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2021இல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே இருந்த கி. ராஜநாராயணன் இந்த வட்டாரத்துக் கதைகளை மாணவர்களை வைத்துச் சேகரித்தார். அச்சில் அந்தக் கதைகள் ஒரே வழியாக ஓடுகின்றன. சொன்னவர் வாயில் அவை அப்படி ஓடியிருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே வேதாளம். அம்புலிமாமா படித்த எவருக்கும் அந்த நிபந்தனை தெரியும்: பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி மரமேறும். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம். அதனால்தான் அந்தக் கேள்வியில் கனம் இருக்கிறது. கடைசிக் கதையில் வேதாளம் ஒரு உறவுமுறைச் சிக்கலைப் போடும். தந்தை ஒருவன் வேறொருத்தியின் மகளைக் கட்டுகிறான், அவன் மகன் அவளுடைய தாயைக் கட்டுகிறான். பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜா விக்கிரமாதித்தனுக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்த மௌனத்தில்தான் காரியம் முடிகிறது. இந்த மௌனம் பிறகு எனக்கு வேறு ஒரு இடத்தில் உதவியது, அதற்கு வருகிறேன்.

மொழியின் பக்கம் சில சௌகரியங்கள் உண்டு. வாசகர்தான் கதாபாத்திரம் என்றால் அவர் பையனா பெண்ணா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. பிரெஞ்சில் அடைமொழிக்கே ஆண் பெண் உண்டு. 'நீ தயார்' என்று சொல்வதற்குள் மாட்டிக்கொள்வார்கள். தமிழில் 'நீ வந்தாய்' என்றால் யாரும் வரலாம். சிக்கல் மற்ற பாத்திரங்கள் வாய் திறக்கும்போது வரும். நம் ஊரில் கடைக்காரர் 'தம்பி' என்றோ 'பாப்பா' என்றோ கூப்பிடாமல் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் கூடத் தரமாட்டார். நான் எல்லாக் கிழவிகளையும் 'கண்ணு' என்று கூப்பிட வைத்தேன். ஆட்டோக்காரருக்கு 'என்னப்பா' போதும். போலீஸ்காரர் யாரையும் எப்படியும் கூப்பிடமாட்டார், அதட்டுவார். அது மிகவும் வசதி.

'நீ'யை விடக் கஷ்டம் காலம். 'நீ நடக்கிறாய், கதவைத் திறக்கிறாய்' என்று இரண்டு பக்கம் எழுதினால் வசியம் வைக்கிற மாதிரி இருக்கும். 'நடந்தாய், திறந்தாய்' என்றால் குற்றப் பத்திரிகை. பெரியவர்களுக்கான புத்தகத்தில் 'நீங்கள்' போட்டால் விளம்பரத்தின் குரல் வந்துவிடுகிறது. நல்லவேளையாக எழுவாய் இல்லாமலே தமிழ் நடக்கும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கில்லை, யாரோ இருமுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே போகலாம். நிற்கிறவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. படிக்கிறவர் தானாக அங்கே போய் நின்றுகொள்வார். கேள்வி வருகிற இடத்தில் மட்டும் 'நீ' போடுவேன். அப்போது அது சுரீர் என்று படும்.

இதெல்லாம் கைவேலை. உண்மையான தொல்லை வகுப்பறையில் இருக்கிறது.

பள்ளிகளுக்குப் போய்ப் படித்துக் காட்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "எது மிஸ் சரியான பக்கம்?" பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் படித்த கதைகளில் உண்மை சொன்ன விறகுவெட்டிக்குத் தங்கக் கோடரியும் கிடைக்கும். பேராசைக்காரனுக்கு இருந்ததும் போகும். தெருவில் பணப்பை கிடக்கிறது, போலீசில் கொடுப்பாயா, வைத்துக்கொள்வாயா என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 'போலீஸ்' என்கிறது. அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிற பயிற்சிதான் அது. வெளிநாட்டுப் புத்தகங்களும் யோக்கியமில்லை. தப்பான குகைக்குள் போனால் நாலு வரியில் சாவு, திரும்பிப் போ. சாவைக் காட்டி ஒரே பாதைக்கு ஓட்டுவதற்கு இத்தனை கிளை எதற்கு?

பணப்பைக் கதையை நான் இப்படித் திருப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம். கிடைத்த பை எதிர்வீட்டு அண்ணனுடையது. வாரக் கூலி அப்படியே இருக்கிறது. தெரு முனையில் சாராயக் கடை. அண்ணனிடம் கொடுப்பதா, அண்ணியிடம் கொடுப்பதா? பையைத் திருடுகிற யோசனையே இதில் இல்லை; நல்ல பிள்ளைக்கு நல்ல பிள்ளையாகவே இரண்டு வழி. அரசுப் பள்ளி ஒன்றில் இதைப் படித்தபோது வகுப்பு இரண்டாக உடைந்தது. "அவர் சம்பாதிச்ச பணம் மிஸ்" என்று ஒரு பக்கம். "அண்ணி சோறு ஆக்கணும்ல" என்று இன்னொரு பக்கம். அண்ணியிடம் கொடுத்தால் ராத்திரி அடி விழும் என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். அவன் எப்படித் தெரிந்துகொண்டான் என்று நான் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "யார்கிட்டயும் குடுக்காம திங்கக்கிழமை வரைக்கும் நானே வச்சிருந்து குடுத்தா?" என்றாள். அந்த வழி என் சார்ட்டில் இல்லை. அடுத்த அச்சில் சேர்த்தேன்; அந்தக் கிளைதான் புத்தகத்தில் மிக நீளமானது. இரண்டு நாள் பொய் சொல்லி சமாளிக்க வேண்டுமே.

ஒரு பதிப்பகம் இந்தக் கதையை வாங்கிக்கொண்டு சாராயக் கடையை எடுத்துவிடச் சொன்னது. சிறுவர் புத்தகத்தில் அது வேண்டாமாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் எத்தனை கடையைத் தாண்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று திரும்ப வாங்கிவந்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். மனசுக்குப் பிடிக்காத கிளையை முதலில் எழுதுவேன், காலையில், மூளை தெளிவாக இருக்கிறபோது. பிடித்த கிளை எப்படியும் வந்துவிடும். பிறகு இரண்டையும் வேறொருவரிடம் கொடுத்து, நான் எந்தப் பக்கம் என்று கேட்பேன். கண்டுபிடித்துவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். வாசகரிடம் முடிவைக் கொடுத்துவிட்டு முடிவெடுத்ததற்காக அவரைத் தண்டிக்கிற எழுத்தாளர் பேசாமல் ஒற்றைவழி நாவலே எழுதலாம். அது கௌரவமான தொழில்.

ஊரை வைத்தும் ஒரு புத்தகம் செய்தேன். டச்சுக்காரர்கள் கோடு போட்டுக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கட்டங்கட்டமான தெருக்கள். நடுவில் பெரிய வாய்க்கால். ஒவ்வொரு முனையிலும் வலமா இடமா. சார்ட் பேப்பரே வேண்டாம், நகராட்சி வரைபடம் போதும். அதில் ஒரு கிளை பழைய துறைமுகப் பாலத்தில் நடந்து போவது. 2022 மார்ச்சில் பாலம் இடிந்து விழுந்தது. கதைப் பாத்திரம் போகலாம், வாசகர் போய்ப் பார்க்க முடியாது. அந்தக் கிளையை அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் வரைபடத்தை ட்வைன் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். 2009இல் வந்தது, தமிழ் எழுத்தைத் தகராறில்லாமல் ஏற்கும், எந்தக் கிளை முட்டுச்சந்தில் நிற்கிறது என்று உடனே காட்டிவிடும். திரையிலேயே முழுப் புத்தகத்தையும் வெளியிடலாம். ஆனால் திரையில் விரல் செருக முடியாது. எனக்குக் காகிதம் போதும்.

பத்திர மொழிபெயர்ப்பு வேலையில்தான் என் பெரிய புத்தகம் கிடைத்தது. புதுச்சேரி எப்படி இந்தியாவுடன் சேர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தி இருக்கும். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து 1962 ஆகஸ்டு 16இல்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடப் பத்தி அங்கே முடியும். வீடுகளில் கதை அன்றுதான் ஆரம்பித்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இது தலைகீழ்: ஒன்றும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரர், இந்தியர் ஆக வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதாவது, முத்தியால்பேட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணன் இந்தியர் ஆனார். பிரான்சில் ராணுவத்தில் சும்மா இருந்த தம்பி பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மௌனம், இரண்டு தேசம். எத்தனை சார்ட் பேப்பர் வாங்கினாலும் இப்படி ஒரு சந்திப்பை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாது.

இதைத் தாவுற புத்தகமாக்குவதில் முதல் சிக்கல், வாசகர் யார் என்பது. சின்னப் பிள்ளைகளுக்குத் தந்தை எடுத்த முடிவே முடிவு. பிள்ளையை 'நீ' ஆக்கினால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அப்பாவை 'நீ' ஆக்கினால் இன்றைய வாசகர் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுப்பார். அந்தப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இன்று என்ன விலை என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. 1962இல் அது யாருக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா, பிள்ளைக்கு இங்கே அரசு வேலை கிடைக்குமா, எழுதிக் கொடுக்காவிட்டால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாவின் பென்ஷன் நிற்குமா என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சு. ஆல்ஜீரியப் போர் அந்த ஆண்டுதான் ஓய்ந்திருந்தது. பிரெஞ்சுக்காரனாகவே இருந்தால் மகனை அடுத்த சண்டைக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்தது. இன்னொரு பக்கம், சுதந்திரத்துக்காகப் பிரெஞ்சுப் போலீசிடம் அடி வாங்கிய வீடுகள். அங்கே அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுவதே அவமானம்.

எல்லாக் கிளையையும் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து மட்டுமே எழுதினேன். 'நீ' அந்த வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒரே ஆள். பதினைந்து வயதுப் பெண். இந்த ஒரு தடவை வாசகர் பெண் என்று முன்பே சொல்லிவிட்டேன். அறிவிப்பைப் படித்துச் சொல்ல வேண்டியவள் அவள். முடிவு அவளுடையது இல்லை. ஆனால் எந்த வரியை முதலில் படிப்பது, பாட்டி முன்னால் எதைத் தாண்டிப் போவது, சித்தப்பாவின் கடிதத்தை அப்பாவிடம் இன்று காட்டுவதா, கெடு முடிந்த பிறகு காட்டுவதா என்பதெல்லாம் அவள் கையில் இருக்கிறது. "என்ன போட்டிருக்கு கண்ணு?" என்று பாட்டி கேட்பதுதான் புத்தகத்தின் முதல் வரி.

கடைசியில் மூன்று முடிவுகள் வைத்தேன். அப்பா எழுதிக் கொடுக்கிறார். அப்பா எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து காகிதத்தைக் கிழிக்கிறார். மூன்றாவதில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. பிப்ரவரி வருகிறது, கெடு போகிறது, அவ்வளவுதான். சட்டத்துக்குப் பின்னிரண்டும் ஒன்று. வீட்டுக்கு ஒன்றில்லை. புரூஃப் பார்த்த நண்பர் இரண்டையும் ஒரே பக்கமாக்கினால் ஒரு தாள் மிச்சம் என்றார். விக்கிரமாதித்தன் பேசாமல் நடந்த அந்தக் கடைசிக் கதையை அவருக்குச் சொன்னேன். தாளை மிச்சம் பிடிக்கவில்லை.

புத்தகத்தைப் படித்த முதியவர் ஒருவர், "எங்க வீட்ல இவ்ளோ பேச்சே இல்லம்மா. தாத்தா ஒருநாள் சட்டை மாட்டிக்கிட்டுப் போனாரு, வந்தாரு. அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரியும்" என்றார். இதையும் அடுத்த அச்சில் ஒரு கிளையாகச் சேர்க்கிறேன்: வீட்டில் 'நீ' இல்லாத நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிற கிளை. படிக்கிறவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் குடும்பங்களில் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். தாத்தா எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதற்குக் காகிதம் இருக்கும். உங்கள் பீரோவில் இருக்கும், இல்லை என்றால் அலுவலகத்தில் இருக்கும். அந்த ஆறு மாதம் வீட்டில் யார் எந்தப் பக்கம் பேசினார்கள், யார் வாயே திறக்கவில்லை என்பதற்கு எந்த அலுவலகத்திலும் காகிதம் இல்லை. அன்று பதினெட்டு வயதானவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எந்த முடிவு சரி என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.